காற்று போகும் வழி

மூன்று குழாய்களையும் மெக்கானிக் மகுடேசன் பழைய துணி விரித்த மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பலகாரத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகிற மாதிரி. ஒன்று கறுப்பு ரப்பர், ஒன்று நீல சிலிக்கான், ஒன்று பளபளக்கிற அலுமினியம். இவர் இன்னும் எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார், மில்லில் நின்றதும் இப்படித்தான் இருந்திருக்கும், சென்னியப்பன் கையைப் பின்னால் கட்டினால் எங்கோ ஒரு பேரிங் போய்விட்டது என்று அர்த்தம் என்பார்களாம். நான் பிளாஸ்டிக் நாற்காலியில். தலைக்கு மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன முனகல் முனகுகிறது, கதை கேட்கிறவர்கள் நடுவில் 'ம்' கொட்டுவார்களே, அந்த மாதிரி. எனக்கு அது கேட்கிறது. அடுத்த கொட்டகையில் யாரோ போல்ட்டுகளை டப்பாவில் கொட்டுவது கேட்கிறது, வெளியே வேப்பமரத்தில் ஒரு அணில் விடாமல் யாரையோ திட்டுவது கேட்கிறது, எல்லாம் கேட்கிறது, அதுதான் இப்போது என் தொல்லை. எதிரில் நம் கார் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, பல் டாக்டரிடம் வந்த பெரியவர் மாதிரி. டர்போ என்பது காற்றை அமுக்கி எஞ்சினுக்குத் தள்ளுகிற ஒரு சின்ன விசிறி, அமுக்கினால் காற்று சூடாகிவிடும், சூடான காற்றுக்கு வலு கிடையாது, அதனால் அதை முன்பக்கம் இருக்கிற இன்டர்கூலருக்குக் கொண்டுபோய் ஆறவைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும், போக ஒரு குழாய், வர ஒரு குழாய். இந்தக் காரை வாங்கிய புதிதில் இவர் சொன்னது. காபி ஆற்றுகிற மாதிரியா என்றேன். 'ஆமா, ஆனா ஆத்தற டம்ளர்ல ஓட்டை இருக்கக்கூடாது' என்றார்.

ஓட்டை விழுந்தது தை மாதத்தில். பொங்கல் கழிந்து பொள்ளாச்சி போய்விட்டு வரும்போது ஒரு லாரியைத் தாண்டுவதற்காக இவர் ஆக்ஸிலரேட்டரை அமுக்கினார், முன்னால் எங்கோ 'இஸ்ஸ்' என்றது, குக்கர் விசில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சீறல் வருமே, வரலாமா வேண்டாமா என்று, அது. இவர் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். மில்லில் நூல் நூற்கிற அத்தனை கதிர்கள் ஒன்றாகச் சுற்றுகிற இரைச்சலில் ஒரே ஒரு கதிர் பிசகினாலும் வாசலில் வரும்போதே கண்டுபிடிக்கிற மனிதர். தேங்காயைச் சுண்டிப் பார்ப்பார், எவர்சில்வர் குடத்தைச் சுண்டிப் பார்ப்பார், என் அண்ணன் புதுமனைக்கு வாங்கிவந்த வெண்கல விளக்கையும் எல்லார் முன்னாலும் சுண்டிவிட்டு 'மச்சானை நல்லா ஏமாத்தியிருக்கறாங்க' என்று சொல்லி, அண்ணி எங்கள் வீட்டுப் படியேறாமல் இருந்த கதையும் உண்டு. அப்பேர்ப்பட்டவர் ஒன்றும் சொல்லவில்லை. லாரியைத் தாண்டினார், கண்ணாடியைப் பார்த்தார், போய்க்கொண்டே இருந்தார். மாசியில் சீறல் பெரிதானது. பங்குனியில் அது எனக்குப் பழகிய ஒரு மூன்றாவது ஆள் மாதிரி எங்களோடு கூடவே வந்தது. அதற்கும் முன்பே காருக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது, காருக்குள் மட்டும், வீட்டில் பேசுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் ஊமையாகிவிடுவார், நான் இரண்டு தடவை பேசிப் பார்ப்பேன், பதில் வராது, அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். இந்த வயதில் மனைவியின் குரல் ரேடியோ மாதிரி ஆகிவிடும் போலிருக்கிறது, ஓடினாலும் ஒன்றுதான் அணைத்தாலும் ஒன்றுதான் என்று நினைத்து, நினைத்தது யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு. எத்தனை அசடு நான். ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. எதிரெதிரே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம், விளக்கு அணைந்ததும் இவர் பதிலும் அணைந்துபோனது. இருட்டில் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், எதிரில் காய் உரிகிற சத்தம் மட்டும். கரண்ட் வந்ததும் 'என்ன சொன்னே வசந்தா?' என்றார், முகமெல்லாம் சிரிப்பு, ஆனால் கண் என் கண்ணில் இல்லை, என் உதட்டில் இருந்தது.

அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் பார்த்த கண். மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை, இவரோ மணவறையில் உட்கார்ந்தபடி கடைசி வரிசையில் இருந்த மில் நண்பர்களோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார், குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து. அவர்கள் அங்கிருந்து ஏதோ உதட்டை அசைக்க இவர் இங்கே குனிந்து சிரிக்கிறார். என்னைப் பற்றித்தான் ஏதோ கேலி என்று எனக்குக் கோபம். அப்புறம்தான் தெரிந்தது, மில்லில் எல்லாரும் அப்படித்தான், மெஷின் ஓடும்போது கத்தினாலும் கேட்காது, அதனால் கத்துவதில்லை, உதட்டால் பேசி உதட்டைப் படித்துக்கொள்வார்கள். எனக்கும் வந்துவிட்டது. பஸ்ஸில் ஆண்கள் பக்கம் நின்றுகொண்டு 'அடுத்த ஸ்டாப்பு' என்பார், துக்க வீட்டில் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்து 'போலாமா' என்பார், நான் இங்கிருந்தே 'இருங்க, மரியாதையா இருக்காது' என்பேன், நடுவில் இருக்கிற யாருக்கும் தெரியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாளெல்லாம் ஊரார் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் குரல் இல்லாத அந்தப் பேச்சு குளிர்ந்த தண்ணீரில் கைவைத்த மாதிரி இருக்கும். பின்னால் மில்லும் நின்றது, எக்ஸ்சேஞ்சும் நின்றது, வீட்டில் அதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று. அவசியம் இல்லை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் மட்டும் தனியாக, என்னிடமும் சொல்லாமல், என் உதட்டைப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டால் 'நீயே பேசு' என்று போனை என் கையில் திணிப்பது இதனால்தான், போனில் உதடு ஏது. 'அப்பாவுக்கு என்மேல ஏதாவது கோவமாம்மா' என்று அவள் கேட்கிறாள், நான் சளி என்கிறேன், தூங்குகிறார் என்கிறேன். தெரிந்துகொண்ட அன்றே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இவருடைய அண்ணனுக்குக் காது போனபோது முதலில் எல்லாரும் கத்திப் பேசினார்கள், அப்புறம் கத்தவும் அலுத்துப்போய் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசினார்கள், அப்புறம் அவர் அறையை விட்டு வருவதையே விட்டுவிட்டார். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று இவர் சோபாவில் உட்கார்ந்து கார் சாவியைக் கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அந்தச் சாவியை மேஜைமேல் வைத்துவிடுவார். அப்புறம் எடுக்கமாட்டார். கார் நின்றால் இவரும் நின்றுவிடுவார், அதுதான் பயம், இரவும் பகலும் என்னைச் சுற்றிவருகிற பயம் அது ஒன்றுதான். அதனால் சீறலைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, சொன்னால் 'எனக்கு ஏன் கேக்கலை' என்ற கேள்வி கூடவே வரும். போன வாரம் கோத்தகிரி ஏறும்போது வளைவில் 'டப்'பென்று வெடித்தது குழாய், பின்னால் கரும்புகை, அதற்குப் பின்னால் வந்த லாரி பிரேக்கடித்து ஒட்டி நின்றது, எப்போதும் போல பயத்தில் நான் இவர் கையைப் பிடித்து அமுக்கினேன், எப்போதும் போல இவரும் 'அமுக்காதே வசந்தா, கியர் போட முடியல' என்றார். அது ஒன்று மட்டும் மாறவில்லை.

மகுடேசன் திரும்பி வந்துவிட்டான். நாற்பது வயது இருக்கும், ரேஸ் கார்களுக்கெல்லாம் வேலை செய்கிறவன், வாயும் எஞ்சின் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். பேசிக்கொண்டே பானட்டுக்குள் தலையை விடுகிறான், 'ஏனுங்கய்யா, பழைய கிளாம்ப்பையே போட்டரலாமுங்களா, புதுசு வேணுமுங்களா?' தலை உள்ளே இருக்கிறது, உதடு உள்ளே இருக்கிறது. இவர் சாவகாசமாகக் காரைச் சுற்றி அந்தப் பக்கம் நடக்கிறார், எதையோ பார்க்கப் போகிறவர் மாதிரி, முகம் தெரிகிற இடத்துக்கு. அதற்குள் நான் 'புதுசே போட்டுருங்க, அப்படித்தான் வீட்ல சொல்லிட்டிருந்தாரு' என்று இணைப்பைக் கொடுத்துவிட்டேன், லைன் கிடைக்காத ஊருக்கு இடையில் நின்று ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்வது எனக்குப் பழைய வேலைதானே. 'அம்மாகிட்டயே கேட்டுக்கறதுதான் நல்லது, ஐயா இப்பெல்லாம் நம்மகூடப் பேசறதேயில்ல, பெரிய மனுசன் ஆயிட்டாருங்க' என்று சிரிக்கிறான். தலையை வெளியே எடுத்துவிட்டான், அது இவருக்குக் கேட்டுவிட்டது, கேட்டுவிட்டது என்றா சொல்வது, தெரிந்துவிட்டது. 'உங்கூடப் பேசி ஜெயிக்க முடியுமாடா' என்கிறார். 'சரி, சிலிக்கானே போட்டுக்குங்கய்யா. அலுமினியம் போட்டா டர்போ சத்தம் அப்படியே உள்ள வருமுங்க, விசிலடிச்சுட்டே இருக்கும். எளவட்டப் பசங்களுக்குத்தான் அது. வயசானா அந்தச் சத்தம் ஒத்துக்காதுங்க.' 'வயசானது காருக்கா எனக்கா?' 'ரெண்டு பேருக்குந்தானுங்க!' மூவரும் சிரிக்கிறோம். 'சத்தமில்லீடா அது, பாட்டு' என்கிறார் இவர், 'அலுமினியம்தான் வேணும். பாடட்டும்.' இதற்காகத்தானா. ரப்பர் விழுங்கிவிடுகிற சத்தத்தை உலோகம் விழுங்காது என்று யோசித்து, அப்படியாவது கேட்காதா என்று, ஒருவரிடமும் சொல்லாமல். மகுடேசன் நெற்றியைச் சொறிகிறான், 'ஒண்ணு மட்டும் புரியலீங்க. இப்படி வெடிக்கறதுக்கு முன்னாடி பல நாளு சீறியிருக்கணுமே, உங்களுக்குக் கேக்காமயா இருந்துச்சு?' இவர் என்னைப் பார்க்கவில்லை. 'ஒண்ணும் கேக்கலையே' என்கிறார், நிதானமாக, உண்மையை. மின்விசிறி 'ம்' கொட்டுகிறது.

மேஜைமேல் இருந்தது மாதிரிக்குத்தான், உள்ளேயிருந்து இரண்டு அலுமினியக் குழாய்கள் வருகின்றன, ஒரே அளவு, ஒரே வளைவு, 'ரெண்டும் நம்ம பட்டறையிலயே வெல்டு பண்ணினது, எது பிடிக்குதோ எடுத்துக்குங்க.' குழாயின் முனையில் சுற்றிலும் மெல்லிசாக ஒரு புடைப்பு. இதுதான் முக்கியமுங்கம்மா என்று அவன் எனக்குத் தொட்டுக் காட்டுகிறான், மேலே மாட்டுகிற ஹோஸ் கழன்று வராமல் பிடித்துவைப்பது இந்த விளிம்புதானாம், கிளாம்ப் வெறும் துணைக்குத்தானாம். மணிக்கட்டு எலும்பு மாதிரி. வளையைப் பிடித்து நிறுத்துவதும் இப்படி ஒரு புடைப்புதானே, பழைய பாட்டுகளில் பிரிந்திருப்பவளுக்குக் கை மெலிந்து வளை கழன்று விழும், எனக்கு நேர்மாறு, விரல் முட்டிகள் பருத்துப்போய் கல்யாண வளையலை சோப்பு போட்டாலும் கழற்ற முடிவதில்லை. இவர் முதல் குழாயை எடுக்கிறார். நான் நினைத்தேன், செய்யக்கூடாதே என்று நினைத்தேன், செய்துவிட்டார், காதருகே தூக்கி நகத்தால் சுண்டினார். 'ணங்' என்று அது எழுந்து கொட்டகையின் தகரம் வரைக்கும் போய் மெல்லக் கரைந்தது, கோவில் மணிக்குக் கடைசியில் ஒரு இழை மிஞ்சுமே அது போல. இரண்டாவதைச் சுண்டினார். 'டொக்.' அவ்வளவுதான். விரிசல் விட்ட பானை மாதிரி, எழுந்திருக்கவே இல்லை. மறுபடி சுண்டினார், தலையைச் சாய்த்தார், கண்ணை மூடினார். அந்த மூடிய கண்ணை நான் பார்த்திருக்க வேண்டாம். இருட்டில் அவரைக்காய் உரித்த முகம் அது. கண்ணைத் திறந்து, இரண்டாவதைத் தூக்கி, தேங்காய்க் கடையில் சொல்லுகிற அதே குரலில், 'இதுதான். இதுலதான் நாதம் இருக்குது' என்றார். மகுடேசன் இவர் சுண்டுவதை மட்டும் பார்த்துவிட்டு அதற்குள் ஸ்பானர் எடுக்கக் குனிந்திருந்தான், டப்பாவை உருட்டுகிற சத்தத்தில் இவர் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. இப்போது என்ன செய்வேன். அந்த விரிசல் மலையேற்றத்தில் வாய் பிளக்கும், மறுபடி கரும்புகை, மறுபடி பின்னால் ஒரு லாரி, இந்தத் தடவை லாரிக்காரன் பிரேக் பிடிப்பானா. வாய்விட்டுச் சொல்லலாம், மகுடேசு, அதில் விரிசல் இருக்கிறது என்று. சொன்னால் இவர் கேட்டுத் தேர்ந்தெடுத்ததை நான் கேட்டுத் தப்பென்று சொன்னதாகும், இவன் முன்னால், நாளைக்கு இந்தப் பட்டறைக்கு வருகிற அத்தனை பேர் முன்னாலும். சொல்லாமல் இருக்கலாம், சீறலைச் சொல்லாமல் இருந்த மாதிரி, அப்போது குழாய் மட்டும்தான் வெடித்தது. எத்தனை பேச்சை அமுக்கி அமுக்கி அனுப்பியிருக்கிறேன் இந்த மனிதருக்கு, சூடாகப் புறப்பட்டவை, நடுவில் எங்கோ ஒரு ஓட்டையில் போய்விட்டவை. போகட்டும். போய்ச் சேருகிற வழி ஒன்று இருந்ததே, எனக்கும் இவருக்கும் மட்டும். எழுந்துபோய், மகுடேசனின் குனிந்த முதுகுக்குப் பின்னால், இவருக்கு நேர் எதிரில் நின்றேன். பார்த்தார். குரலை உள்ளேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தேன். வேண்டாம். அந்தச் சொல் உதட்டில் தொடங்கி உதட்டிலேயே முடிகிறது, தப்பாகப் படிக்கவே முடியாது. அது வேண்டாம். விரிசல்.

இவர் முகம் மாறவில்லை. குழாயைப் பிடித்திருந்த கை மட்டும் கொஞ்சம் தாழ்ந்தது. பேசத் தெரிந்தவள் ஏன் குரல் இல்லாமல் பேசுகிறாள், சத்தம் போட்டுச் சொன்னால் இவளுக்கு என்ன, என்பதெல்லாம் அந்தக் கண்ணில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது, நின்று, விலகி, கடைசியில் ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியது. எப்பொழுதிருந்து? இவர் உதடு அசைந்தது, குரல் இல்லை. எப்பொழுதிருந்து தெரியும்? மேளச் சத்தம் இல்லை, மெஷின் இல்லை, ஒரு மின்விசிறியும் ஒரு அணிலும்தான், ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் பெரிய இரைச்சலுக்கு நடுவில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம். அவரைக்காய், என்றேன். கரண்ட் போன அன்னைக்கு. கோபம் வரும் என்று பயந்தேன். அவமானம் வரும், சாவியை மேஜைமேல் வைத்துவிடுவார் என்று பயந்தேன், இதோ கை சட்டைப்பைக்குப் போகிறது, வெறும் கைக்குட்டைதான், சாவிதான் மகுடேசனிடம் இருக்கிறதே, முகத்தைத் துடைத்துக்கொண்டார், துடைக்கவேண்டிய அளவுக்கு ஒன்றும் வியர்க்கவில்லை. அப்புறம் குழாயைத் திருப்பி, வெல்டிங் ஓரத்தைப் பார்ப்பவர் போலப் பார்த்து, உரக்கச் சொன்னார், 'மகுடேசு, இது வேண்டாம். வெல்டு சரியில்ல. சோப்புத் தண்ணிய ஊத்திப் பாரு.' 'அட, கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையேங்க' என்று சொல்லிக்கொண்டே அவன் ஒரு முனையை அடைத்து மறுமுனையில் காற்றை விட்டு சோப்பு நுரையைத் தடவினான். வளைவின் ஓரத்தில் மிளகு மிளகாகக் குமிழ்கள் கிளம்பின. அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். 'இந்தக் காதுலயா சீறல் கேக்கலைன்னீங்க! ஐயா காது காதுதானுங்க! சுண்டியே கண்டுபிடிச்சுட்டாரே!' இவர் சிரித்தார், என்னைப் பார்த்து, காது வரைக்கும் சிரித்தார். 'காது எங்கிட்ட இல்லடா' என்றார். 'வீட்ல வெச்சிருக்கறேன்.' அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, பெரியவர் கிண்டல் என்று நினைத்து அவனும் சிரித்தான்.

முதல் குழாயையே மாட்டி முடித்து, மகுடேசன் சாவியை நீட்டினான். இவர் அதை வாங்கி ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தார், உருட்டவில்லை, சும்மா வைத்திருந்தார். பிறகு எனக்குக் கதவைத் திறந்துவிட்டார், எத்தனையோ காலமாகச் செய்யாத காரியம். சிங்காநல்லூர் தாண்டி சாலை அகன்றது, இரண்டு பக்கமும் வெயில், ஒரு கல்யாண மண்டபம், வாழை மரம் கட்டிய ஒரு வாசல். இவர் கண் சாலையில் இருக்கிறது, அங்கேதான் இருக்க வேண்டும், இங்கே என் உதட்டுக்கு வேலை இல்லை. மெல்ல அமுக்கினார். சீறல் இல்லை. அதற்குப் பதில் எங்கோ அடியிலிருந்து ஒன்று புறப்பட்டது, முதலில் கொசு பறக்கிற அளவுக்கு, பிறகு யாரோ காலி பாட்டில் வாயில் ஊதுகிற அளவுக்கு, பிறகு மேலே, இன்னும் மேலே, ஒழுகாமல் உடையாமல் ஒரே இழையாக ஏறிப்போனது. எவ்வளவு அழகு, இதைத்தான் பாட்டு என்றாரா. திரும்பி இவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாலை, கண்ணாடி, சாலை. உலோகம் விழுங்காமல் கொண்டுவந்து கொடுத்ததையும் இவரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. முன்னால் பார்த்தபடியே, காரிடம் கேட்பவர் போலக் கேட்டார், 'பாடுதா வசந்தா?' ஆமாம் என்றால் போய்ச் சேராது. கியரின்மேல் இருந்த இவர் இடது கையைப் பார்த்தேன், பயத்தில் நான் எத்தனை மலைகளில் பிடித்து அமுக்கிய கை. அதன்மேல் என் கையை வைத்தேன். விசில் ஏற ஏற விரலால் அழுத்தினேன், கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அது உச்சியில் போய் நடுங்கி நின்றபோது முழுக்க அழுத்திப் பிடித்தேன். இவர் கிளச்சை மிதித்தார், பாட்டு சரிந்து விழுந்தது, விரலைத் தளர்த்தினேன், கியர் விழுந்தது. மறுபடி அடியிலிருந்து புறப்பட்டது, மறுபடி என் விரல். இரண்டாவது தடவை நான் உச்சிக்கு வந்ததும் இவர் தலை லேசாகச் சாய்ந்தது, தேங்காயைச் சுண்டும்போது சாயுமே, அப்படி. கை கொஞ்சம் நகர்ந்தது, விலக்கிக்கொள்ளப் போகிறார், அமுக்காதே என்று சொல்லப்போகிறார் என்று நான் எடுக்கப் பார்த்தேன்.

'எடுக்காதே' என்றார். 'இன்னும் கொஞ்சம் கீழே, மணிக்கட்டுகிட்ட வை. அங்க நல்லாக் கேக்குது.'